கட்டைவிரல் உயரத்தில் ஒரு பட்டத்து யானை

“காணாமல் போயிருப்பது யானை” என்று சொல்லிக்கொண்டே போனை வைத்தார் ஜீவானந்தம் சார்.

“வனத்துறை நம்பர் தேடட்டுமா?” என்றேன்.

“வேண்டாங் கண்ணு. யானையே இத்தனூண்டுதான்.” கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டினார். “பட்டத்து யானையாம். முதுகுல அம்பாரி, அம்பாரிக்குள்ள ராஜா. சாயங்காலம் நாலு மணிக்குள்ள கண்டுபுடிக்கோணுமாம். இல்லாட்டி ஒரு பொம்பளைக்கு வேலை போயிருமாம்.”

அரசு பஸ்ஸில் இருபத்தாறு வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் அவர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார் என்று சேலத்தில் அந்தக் காலத்தில் பேச்சு. ஓய்வு பெற்ற பிறகும் முகங்களை விட மனம் வராமல் துப்பறியும் நிலையம் ஒன்றைத் திறந்துவிட்டார். அதன் ஒரே உதவியாளர் சாரா என்கிற நான். டைப் அடிப்பதும் நான்தான், ஆட்களைத் துரத்துவதும் நான்தான்.

அடிவாரத்தில் பஸ் ஏறினோம். ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. ஏழாவது வளைவில் பழக்கதோஷத்தில் பக்கத்து சீட்டுக்காரரின் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார் சார். அந்த மனிதரும் பயந்துபோய் எடுத்துக் கொடுத்தார். பன்னிரண்டாவது வளைவில் நான் காலையில் சாப்பிட்ட இட்லி திரும்பி வரப் பார்த்தது. அதன் பிறகு நான் எதையும் கவனிக்கவில்லை.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை நிறுத்தத்திலிருந்து பத்து நிமிட நடையில் அந்த ரிசார்ட் இருந்தது. வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். ‘சேர்வராயன் சிற்றுருவப் போர் மன்றம், எட்டாம் ஆண்டுக் கூடல்.’ அதன் கீழே குல்லாயும் ஸ்வெட்டருமாக ஒரு பெரியவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மன்றத்தின் செயலாளர் மரியஜோசப். முப்பது வருஷம் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். எங்களுக்குப் போன் செய்தது அவர்தான்.

“ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிப்போடறேனுங்க. உள்ள போனதும் சிரிச்சுறாதீங்க” என்றார்.

உள்ளே போனதும் எனக்குச் சிரிப்பு வந்தது.

பெரிய ஹாலில் பன்னிரண்டு மேஜைகள். ஒவ்வொன்றின் மேலும் பச்சைத் துணி, தெர்மாகோலில் செதுக்கிய குன்றுகள், காப்பிக்கொட்டைத் தோலைத் தூவிச் செய்த காடு, நீல வர்ணம் பூசிய ஆறு. அவற்றுக்கு நடுவே ஒரு அங்குல உயரத்தில் நூற்றுக்கணக்கான வீரர்கள். மேஜையைச் சுற்றி நாற்பது, ஐம்பது வயது ஆசாமிகள். சென்னை, பெங்களூர், கோவை என்று எங்கிருந்தெல்லாமோ லீவு போட்டு வந்திருந்தார்கள். ஒருவர் தையல்காரர் போல டேப் பிடித்து அளந்து, “என் குதிரைப்படை எட்டு அங்குலம் வருது” என்றார். எதிரே இருந்தவர் பகடையை உருட்டினார். உருண்டு நின்றதைப் பார்த்ததும் முதலாமவர் தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று செய்தி வந்த மாதிரி இருந்தது.

எனக்கு அந்தக் குதிரைகளில் ஒன்று பிடித்துப்போயிற்று. கையில் எடுத்துப் பார்த்தேன்.

ஹால் முழுவதும் பேச்சு நின்றது. பகடைகூட நின்றது.

“கீழ வெச்சிருங்க தாயி” என்றார் மரியஜோசப், மெல்லிய குரலில். “அடுத்தவங்க பொம்மையைக் கேக்காமத் தொடறது இங்க கொலைக்குச் சமமுங்க. கேட்டாலும் காலடிப் பீடத்தைத்தான் புடிக்கோணும்.”

வைத்தேன். போர் மறுபடி தொடங்கியது.

யானையைப் பறிகொடுத்தவர் பெயர் ரஞ்சித். சென்னை. முப்பத்தெட்டு வயது. அன்று மாலை நாலு மணிக்கு நடக்கவிருந்த ‘சிறந்த வர்ணப் படை’ போட்டிக்குப் பாண்டியர் படை ஒன்றைத் தயார் செய்து கொண்டு வந்திருந்தார். கருங்காலி மரம் மாதிரி கறுப்பான பட்டத்து யானைதான் அந்தப் படைக்கே அழகாம்.

“எட்டு மாசம் சார்” என்றார். கண் சிவந்திருந்தது. “இமைக்கு மட்டுமே ரெண்டு நாள் ஆச்சு.”

“யாரோட இமைங்க?”

“யானையோட இமை சார்.”

படையைத் தகரப் பெட்டி ஒன்றில் அடுக்கியிருந்தார். அறுபது வீரர்கள். நடுவில் டீ டம்ளர் வாய் அகலத்துக்கு ஒரு வெற்றிடம். சார் பெட்டியைத் தூக்கினார். அப்படியே கவிழ்த்தார். ரஞ்சித் அலறிவிட்டார். ஆனால் ஒரு வீரனும் விழவில்லை. அத்தனை பேரும் தலைகீழாகத் தொங்கினார்கள்.

“காந்தம் சார்” என்றார் ரஞ்சித், மார்பைப் பிடித்துக்கொண்டு. “எல்லா பீடத்துக்கும் அடியில ஒட்டியிருக்கேன். போன வருஷம் மேல வரும்போது எட்டாவது வளைவுலயே முழுப்படையும் கவுந்துடுச்சு. பதினாலு பேருக்குக் கை போச்சு.”

“உயிர்ச்சேதம்?” என்றேன். சார் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

“பிரமாதமான ஏற்பாடுங்க” என்றார் சார், பெட்டியை நிமிர்த்தியபடி. “இதை ஸ்டாண்டிங்ல வர்ற பயணிகளுக்கும் வெச்சிருந்தா எத்தனை சண்டை தீர்க்கற வேலை எனக்கு மிச்சமாயிருக்கும். சரி, நடந்ததைச் சொல்லுங்க.”

ரஞ்சித் சொன்னது சுருக்கம். நேற்று இரவு எட்டு மணிக்குப் போட்டிப் படைகள் எல்லாவற்றையும் படம் பிடித்துப் பதிவு செய்தார்கள். பதிவுக்குப் பிறகு தூரிகையால் தொடக்கூட விதி அனுமதிக்காது. பெட்டி அவருடைய பன்னிரண்டாம் நம்பர் அறையில் இருந்தது. காலை எட்டு மணிக்கு டிபன் சாப்பிடப் போனார். ஒன்பதுக்குத் திரும்பி வந்தால் யானை இல்லை.

“சாவி என்கிட்ட இருந்துச்சு. இன்னொரு சாவி ரூம் கூட்டுறவங்ககிட்ட. நான் யாரையும் குத்தம் சொல்லல சார். அவங்க ரூமைக் கூட்டினாங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

குற்றம் சொல்லாமலே குற்றம் சொல்வது ஒரு கலை. அது இவருக்கு வர்ணம் பூசுவதைவிட நன்றாக வந்தது.

“யானை கிடைக்கலீன்னா இவரு போட்டியில இருந்து அவுட்டுங்களா?” என்று மரியஜோசப்பைக் கேட்டார் சார்.

“இல்லீங்க. சொந்தக்காரர் தப்பு இல்லாம பொருள் போச்சுன்னா, நேத்து எடுத்த போட்டோவைப் பாத்து மார்க் போடலாம்னு விதி இருக்குதுங்க.”

ஆக, யானை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ரஞ்சித்துக்குக் கோப்பைக்கு வழி உண்டு. கிடைக்காவிட்டால் நட்டம் வேறு ஒருவருக்குத்தான்.

அந்த ஒருவரை ரிசப்ஷனில் நிற்க வைத்திருந்தார்கள். முத்தாயி. பக்கத்து மலைக்கிராமமான கொட்டச்சேட்டுக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய கைப்பையைக் கொட்டி மேஜை மேல் பரப்பியிருந்தார்கள். ஒரு டிபன் டப்பா, மடக்குக் குடை, பாதி பின்னிய கம்பளி மேலாடை. டிபன் டப்பாவைக்கூடத் திறந்து பார்த்திருந்தார்கள். களியின் மேல் ஈ உட்கார்ந்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பதினோரு வருஷமா இங்க வேலை பாக்குதுங்க” என்றார் மேனேஜர் மாரியப்பன், எங்கேயோ பார்த்துக்கொண்டு. “நான் என்னங்க பண்றது? முதலாளி நாலு மணிக்கு சேலத்துல இருந்து வர்றாரு. அதுக்குள்ள கிடைக்கலீன்னா ஆளை நிறுத்திப்போட்டு போலீசுக்குச் சொல்லுன்னுட்டாரு.”

“வேலை போனாப் போகட்டுமுங்க. காப்பிப் பழம் பறிக்கப் போயிக்குவேன்” என்றார் முத்தாயி. சொல்லிக்கொண்டே டிபன் டப்பாவிலிருந்து ஈயை விரட்டி மூடியைப் போட்டார். “திருடின்னு சொல்லி அனுப்பிச்சா எந்த எஸ்டேட்டு கேட்டுக்குள்ள என்னை உடுவாங்க? இந்த மலை நொம்பச் சின்னதுங்க. ஏனுங்க, காலைல நானு…”

“நீ பேசாம இரு” என்றார் மாரியப்பன்.

சார் கையை உயர்த்தினார். முத்தாயியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். “ஒரே கேள்விங்க. எடுத்தீங்களா?”

“இல்லீங்க.”

“போதும்.” என் பக்கம் திரும்பினார். “டிக்கெட் இருக்குது கண்ணு.”

“இன்னும் நாலு கேள்வி கேட்கலாமே சார்?”

“முகத்தைப் பார்த்தாச்சு. அப்புறம் எதுக்குக் கேள்வி?”

அவர் பன்னிரண்டாம் அறையைப் பார்க்கப் போனார். போகும்போது எனக்கு ஒரு வேலை கொடுத்தார். ஹாலின் ஓரத்தில் புதியவர்களுக்கென்று ஒரு மேஜை போட்டிருந்தார்கள். வெள்ளைப் பூச்சு மட்டும் அடித்த பொம்மைகள் ஒரு கூடையில் கிடக்கும். யார் வேண்டுமானாலும் ஒன்றை எடுத்து வர்ணம் பூசிப் பழகலாம். அங்கே உட்கார்ந்து யார் யார் முழிக்கிறார்கள் என்று நான் பார்க்க வேண்டும்.

கூடையைத் துழாவினேன். வில்வீரனின் விரல்களுக்கு என் பொறுமை தாங்காது. குதிரைக்குக் கால் மெலிசு. அடியில் ஒரு யானை கிடைத்தது. மற்றவை பளிச்சென்ற வெள்ளை என்றால் இது கொஞ்சம் அழுக்கு வெள்ளை. ஆனால் ஆகிருதி என் திறமைக்கு ஏற்றதாக இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

யார் யார் முழிக்கிறார்கள் என்று பார்த்தேன். எல்லோரும்தான் முழித்தார்கள். பகடை சரியாக விழாதவன் முகமும் திருடன் முகமும் ஒரே மாதிரி இருக்கின்றன என்று அன்று தெரிந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவர்களை விட்டுவிட்டு யானையில் இறங்கிவிட்டேன். உடம்புக்குக் கிளிப்பச்சை. காதுக்கு ஆரஞ்சு. அம்பாரிக்கு ரோஸ். ராஜாவுக்கு மஞ்சள் மீசை. அடிவயிற்றை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே விட்டுவிட்டேன். தொந்தரவு ஒன்றுதான். தூரிகை கழுவ ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்திருந்தார்கள். ஒரு தடவை பக்கத்தில் வைத்த யானை அதன் மேல் சாய்ந்துகொண்டு வர மறுத்தது. பிடித்து இழுத்து வைத்தேன். வர்ணம் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

ஒன்றரை மணிக்கு ரஞ்சித் அந்தப் பக்கம் வந்தார். கூடைக்குள் பார்த்தார். பிறகு என் மேஜையைப் பார்த்தார். முகம் வெளிறிப் போயிற்று.

“நல்லாயிருக்கா?” என்று கேட்டேன்.

அவர் வேகமாக வெளியே போய்விட்டார். கலைஞர்களுக்குள் பொறாமை சகஜம் என்று விட்டுவிட்டேன்.

மூன்று மணிக்குச் சார் வந்து என்னைப் பன்னிரண்டாம் அறைக்கு அழைத்துப் போனார். நேராக பால்கனிக்கு. அதன் கைப்பிடிச் சுவரின் மேல்தளத்துக்குச் சிவப்பு வர்ணம் அடித்திருந்தார்கள். அதில் ஓரிடத்தில் வெளிறிய திட்டு ஒன்று. திட்டின் நடுவே, டீ டம்ளர் வாய் அகலத்துக்கு, வர்ணம் சிவப்பு மாறாமல் வட்டமாக இருந்தது.

“காக்கா எச்சமா சார்?”

“காம்பஸ் வெச்சு எச்சம் போடற காக்காயா? ஏதோ ஒரு வட்டப் பொருளை இங்க வெச்சு அது மேல எதையோ அடிச்சிருக்காங்க. என்னன்னுதான் தெரியல.”

மரியஜோசப்பைக் கூட்டி வந்தோம். அவர் திட்டை விரலால் தேய்த்தார். மோந்து பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“வார்னிஷ் ஸ்ப்ரேங்க. வர்ணம் உதிராம இருக்கறதுக்குக் கடைசியா அடிக்கறது. அடிச்சாக் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும். ஆனா மஞ்சு எறங்கறப்ப அடிச்சீங்கன்னா, ஈரம் உள்ள மாட்டிக்கிட்டுப் பொருளே வெளுத்துப் போயிருமுங்க.” காலை மூடுபனியைத்தான் மலைக்காரர்கள் மஞ்சு என்கிறார்கள். “உள்ளூருக்காரன் எவனும் அடிக்க மாட்டான். கீழ இருந்து வர்றவங்கதான் வருஷத்துக்கு ஒருத்தராச்சும் இப்படிப் பண்ணிப்போட்டு ஓன்னு அழுவாங்க.”

“அழுது என்ன பண்ணுவாங்க?”

“நான் கொஞ்சம் எண்ணெய் தடவி உடுவேன். வெளுப்பு மறைஞ்சு போயிரும். அது தெரியாதவங்க எல்லாம் போச்சுன்னு நெனச்சுக்குவாங்க.”

சார் பால்கனியில் முன்னும் பின்னும் நடந்தார். பஸ்ஸில் நடப்பது போலவே, மேலே இல்லாத கம்பியைப் பிடித்துக்கொள்ளக் கையை உயர்த்தியபடி.

“சாரா, காலைல இருந்து எல்லாரும் எந்த யானையைத் தேடறாங்க?”

“கறுப்பு யானையை.”

“அதுதான் தப்பு. அது இப்ப வெள்ளை யானை. ஒரு வெள்ளை யானையை இந்தக் கட்டிடத்துல எங்க ஒளிச்சு வெப்பே? இங்க ஒவ்வொருத்தனும் அடுத்தவன் படையை உத்து உத்துப் பாக்கறான். ஆனா வர்ணம் பூசாத பொம்மைன்னா ஒருத்தனும் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல.”

“கூடை!” என்றார் மரியஜோசப்.

மூன்று பேரும் ஹாலுக்கு ஓடினோம். கூடையைக் கவிழ்த்தோம். இருபத்திரண்டு வெள்ளைப் பொம்மைகள். பாண்டியர் படைக்கு அடியில் காந்தம் உண்டு, பழகுகிறவர்களின் பொம்மைக்குக் கிடையாது. சார் ஒரு எவர்சில்வர் கரண்டியைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் அதை வைத்து எடுத்தார். ஒன்றும் ஒட்டவில்லை. பார்த்து முடித்தபோது மணி மூன்றே முக்கால். வெளியே முதலாளியின் கார் வந்து நின்றது.

சார் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு பயணிகூட அவரிடமிருந்து தப்பியதில்லை என்பார். இப்போது ஒரு யானை தப்பிவிட்டது. பாவமாக இருந்தது.

“தண்ணி குடு கண்ணு” என்று சொல்லிக்கொண்டே மேஜையிலிருந்த டம்ளரை அவரே எடுத்தார்.

“சார், அது தூரிகை கழுவின…”

டம்ளர் அவர் வாய் வரைக்கும் போனது. கூடவே என் பச்சை யானையும் போனது. டம்ளரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, ஆரஞ்சுக் காதும் மஞ்சள் மீசை ராஜாவுமாக, சாரின் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது.

மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

“சாரா” என்றார் சார் கடைசியில், ரொம்பவும் சாந்தமாக. “இந்த ரெண்டு மணி நேரமும் நீ எதுக்குப் பெயிண்ட் அடிச்சிட்டு இருந்தே?”

“ஆதாரத்துக்கு சார்” என்றேன்.

நாலு மணிக்குப் போட்டி முடிவுக்காக எல்லோரும் ஹாலில் கூடினார்கள். மேடையில் மைக் வைத்திருந்தார்கள். முதலாளி முன்வரிசையில். பக்கத்தில் கையில் போனோடு மாரியப்பன். முத்தாயியைப் பின்சுவர் ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். ரிசார்ட்டில் வேலை பார்க்கிறவர்கள் கதவருகே நின்று எட்டிப் பார்த்தார்கள்.

சார் மேடையேறி என் யானையைத் தூக்கிக் காட்டினார். ஹாலில் ஒரு முனகல் எழுந்தது. அது என் வர்ணத் தேர்வைப் பற்றியது என்று பிறகு சொன்னார்கள்.

“இதுதானுங்க காணாமப் போன பட்டத்து யானை.”

“விளையாடுறீங்களா?” என்று எழுந்தார் ரஞ்சித். “என் யானை கறுப்பு!”

“அப்படிங்களா?” சார் தினமும் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிறவர், அதுவும் தாராளமாக. கட்டைவிரலைத் தன் தலையில் ஒரு தேய் தேய்த்தார். யானையைக் கவிழ்த்து, நான் சோம்பலால் பூசாமல் விட்ட அடிவயிற்றில் அந்த விரலை வைத்து மெதுவாகத் தடவினார். வெளுப்பு கரைந்து மறைந்தது. கீழே மினுமினுவென்று கறுப்பு எழுந்தது. அதில் தலைமுடி கனத்தில் ஒரு தங்கச் சங்கிலிக் கோலம்.

மரியஜோசப் நேற்றிரவு எடுத்த படத்தைப் போனில் பெரிதாக்கிப் பக்கத்தில் பிடித்தார். அதே சங்கிலி. ஹால் மூச்சை இழுத்துக்கொண்டது. இந்த முறை உண்மையான மரியாதையோடு.

“காலைல மஞ்சுக்குள்ள இவரு வார்னிஷ் அடிச்சிருக்காரு” என்றார் சார். “பதிவுக்கு அப்புறம் தொட்டதே தப்பு. வெளுத்தும் போச்சு. வெளிய சொன்னா முழுப்படையும் அவுட். திருட்டுப் போச்சுன்னா போட்டோவுக்கு மார்க் உண்டு. தூக்கி எறிய மனசு வரல. கூடைக்குள்ள போட்டு வெச்சாரு, ஊருக்குப் போறப்ப எடுத்துக்கலாம்னு.”

ரஞ்சித் படத்தையும் யானையையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனாலும் விடவில்லை. “என் யானைதான், ஒத்துக்கறேன். ஆனா எடுத்துட்டுப் போனவங்க யாரோ அதைக் கெடுத்துக் கூடையில போட்டிருக்கலாம் இல்ல? நான் ஸ்ப்ரே அடிச்சதை யார் பார்த்தா?”

அதற்குச் சாரிடம் சாட்சி இல்லை. முதலாளி திரும்பிப் பின்சுவரைப் பார்த்தார். மாரியப்பன் போனை நிமிர்த்திப் பிடித்தார்.

“நான் பார்த்தேனுங்க” என்றார் முத்தாயி.

எல்லாத் தலைகளும் திரும்பின.

“ஆறரை மணிக்கு வராந்தா கூட்டிட்டு இருந்தேனுங்க. பால்கனியில இவரு டப்பா வெச்சுட்டு எதையோ புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிச்சிட்டு இருந்தாரு. மஞ்சு எறங்குது, துணியே காயாது, உள்ள கொண்டு போயிருங்க சாமின்னேன். உங்க வேலையைப் பாருங்கன்னாரு. நானும் கூட்டப் போயிட்டேன். திரும்பி வர்றப்ப கையில வெள்ளை யானையை வெச்சுட்டுக் குத்துக்கால் போட்டு உக்காந்திருந்தாரு.”

“ஏம்மா, இதைக் காலையிலயே என்கிட்ட சொல்லியிருக்கலாமுங்களே!” என்றார் சார்.

“நீங்க எங்கீங்க கேட்டீங்க? எடுத்தியான்னு கேட்டீங்க, இல்லைன்னேன், போதும்னுட்டுப் போயிட்டீங்க. மத்தவங்க எல்லாம் எங்க வெச்சேன்னு கேட்டாங்க. அதுவுமில்லாம, காணோம்னு சொன்னது கறுப்பு யானையை. நான் பார்த்தது வெள்ளை யானைங்களே.”

இருபத்தாறு வருஷ அனுபவம் காது மடல் வரை சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். நாலு கேள்வி கேட்கலாமே என்று நான் சொன்னதை ஞாபகப்படுத்த ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பச்சை யானையை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

ரஞ்சித் தானாகவே மேடைக்குப் போனார். மைக்கைப் பிடித்தார். மோசமான மனிதர் இல்லை. பயந்த மனிதர், அவ்வளவுதான். ஆனால் பயந்தவன் சும்மா இருந்ததற்கு வேறொருத்தி அல்லவா சுவரோரம் நின்றாள்? அதை நினைத்தால் எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை.

“யானை திருட்டுப் போகல” என்றார். “நான்தான் மறைச்சேன். மன்றத்துக்கிட்டயும், நடுவர்கள்கிட்டயும், கூட விளையாடின நண்பர்கள்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். போட்டியில இருந்து விலகிக்கறேன்.”

இரண்டு பேர் கைதட்டினார்கள். மாரியப்பன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “சரி, போய் வேலையைப் பாரு” என்றார் முத்தாயியிடம்.

முத்தாயி நகரவில்லை.

“காலைல இதே மைக்குல, ரூம் கூட்டற முத்தாயி ரிசப்ஷனுக்கு வரணும், யானை காணோம்னு மூணு தடவை கூப்பிட்டாங்க. வெளிய ரோட்டுல போற சனம்கூட நின்னு கேட்டுச்சு. இப்ப இவரு எல்லார் பேரையும் சொல்லி மன்னிப்புக் கேட்டாரு. என்ற பேரு வரலீங்களே.”

ரஞ்சித் மைக்கைப் பிடித்தபடி அவரைப் பார்த்தார்.

“அம்மா… உங்க பேரு என்ன சொன்னீங்க?”

யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு நாளாக அவருடைய படுக்கையை விரித்தவர். அவருக்காக அன்று முழுவதும் திருடியாக நின்றவர். இப்போதுதான் சொன்ன பெயரும் அவர் காதில் ஏறவில்லை.

முத்தாயி முன்னால் நடந்தார். போர்க்களங்களுக்கு நடுவே, ஒரு வீரனையும் தட்டாமல், மேடை வரைக்கும் நடந்தார்.

“முத்தாயிங்க. கொட்டச்சேடு.”

“முத்தாயி அம்மா திருடல” என்றார் ரஞ்சித் மைக்கில். “தப்பு என்மேல. முத்தாயி அம்மா, என்னை மன்னிச்சிருங்க.”

ஸ்பீக்கர் கரகரத்து அடங்கியது. முத்தாயி கதவருகே கூடி நின்ற தன் சகாக்களைத் திரும்பிப் பார்த்தார். ஆட்களை எண்ணுவது போல ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு ரஞ்சித்திடம் திரும்பினார்.

“இன்னொருக்காச் சொல்லுங்க சாமி” என்றார். “சமையக்கட்டுல இருக்கறவங்களுக்குக் கேட்டிருக்காது.”